குதிகாலுக்கு மேலே இரண்டு விரல்

விடிந்ததும் தபாலம்மா செய்கிற முதல் வேலை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருப்பது. எழுந்து நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. குதிகாலுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, கெண்டைச் சதையிலிருந்து கயிறு மாதிரி இறங்கி வருகிற இடம் மற்றக் காலைவிடத் தடித்துப்போயிருந்தது. விரலால் நெருடினால் உள்ளே பட்டாணி ஒன்று இருப்பது போலப் பட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் எட்டு வைக்கும்போது யாரோ அங்கே திருப்புளியை விட்டுத் திருகுவார்கள். இரண்டாவது எட்டிலும் அதே திருகல். அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் சற்றுத் தணியும். அவள் அடுப்பு மேடையில் கையூன்றிப் பெருமூச்சு விடுவாள், சத்தம் வராமல்.

சத்தம் வந்தால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற கணவருக்குக் கேட்டுவிடும். அவர் இருபத்தைந்து வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். தெருமுனையில் திரும்பும்போதே எந்த லாரிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பட்டறையில் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் பாதிக்கு மேல் போய்விட்டன. பேச்சு மட்டும் நாலு மாதத்தில் திரும்பி வந்தது. கூடவே கிண்டலும் வந்தது.

"என்ன, மூணு எட்டு வச்சுட்டு நாலாவதுக்கு யோசிக்கிறே?"

"செருப்பத் தேடுனேன்."

"வீட்டுக்குள்ள எப்போலேர்ந்து செருப்பு போடறே?"

"படுத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணாதீங்க. டீ போட்டுக்கிட்டு வரேன்."

டீ போட்டுக் கொடுத்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளியலறைக்குக் கூட்டிப்போய், திரும்ப நாற்காலியில் சேர்த்து, பக்கத்தில் சோற்றுப் பாத்திரத்தையும் தண்ணீரையும் மூடிவைத்துவிட்டு, எட்டு மணிக்கு மூன்று மாடி இறங்குவாள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். மத்தியானத்தில் பக்கத்துத் தெரு தையல் கடையிலிருந்து நாத்தனார் வந்து அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவாள். மற்றபடி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவரைத் தூக்குவதும் இறக்குவதும் தபாலம்மாவின் தோளும் காலும்தான்.

தபாலம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பதினெட்டு வருஷமாகப் பட்டுவாடா. முன்பு கடைத்தெருவில் இருந்தவளை ஆறு மாதத்துக்கு முன்னால் மேட்டுத்தெருப் பக்கம் போட்டிருந்தார்கள். ஏறுமுகமான தெரு, இரண்டு புறமும் நாலு மாடி வீடுகள். கடிதம் எழுதுகிற ஆள் குறைந்தாலும் பார்சல் பெருகிவிட்டது. பதிவுத் தபால் என்றால் கையெழுத்து வாங்கியாக வேண்டும். கீழே நின்று கூப்பிட்டால், "மேல வந்துடுங்களேன், அடுப்புல வேலையா இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். ஏறுவாள். படியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் ஊன்ற, குதிகால் வெளியே தொங்கும். அங்கே தொடங்கியதுதான் வலி.

அலுவலகத்தில் அவள் அதை ஒருவரிடம்தான் சொன்னாள். மூட்டை இறக்குகிற பயில்வானிடம். பெயருக்கேற்ற உடம்பு, ஆனால் போன வருஷத்திலிருந்து ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறார். இப்போது முத்திரை குத்துகிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் சேலையைச் சற்று உயர்த்திக் குதிகாலைக் காட்டியதும் அவருடைய முகம் மாறியது.

"இதேதாம்மா. எனக்கும் இதே இடம்தான்."

"நீங்க என்னண்ணே பண்ணுனீங்க?"

"அங்கதான் தப்புப் பண்ணுனேன். ஒரு கிளினிக்ல ஊசி போட்டான். ரெண்டு ஊசி. பத்தே நாள்ல வலி பறந்துடுச்சு. ஆஹான்னு மூட்டையத் தூக்க வந்துட்டேன். மூணாவது வாரம், வண்டிலேர்ந்து இறங்கறேன், பின்னங்கால்ல யாரோ கல்லால அடிச்ச மாதிரி இருந்துச்சு. எவன்டான்னு திரும்பிப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. கால ஊனலாம்னா பாதம் தொளதொளன்னு ஆடுது."

"சத்தம் கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சாவா? வாசல்ல நின்ன டிரைவர் டயர் வெடிச்சிடுச்சுன்னு ஓடி வந்தான். டப்புன்னு. ஆபரேஷன் பண்ணி, எட்டு மாசம் படுத்து, இப்பப் பாரு." அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "ஊசி மட்டும் போட்டுக்காதே. காலை அசைக்கவே அசைக்காதே."

அன்றிலிருந்து அவள் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். படி ஏறும்போது, பார்சலோடு சாலையைக் கடக்கும்போது, அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தும்போது. ஒரு நாள் வழியில் ஏதோ வாகனம் பட்டென்று வெடித்தது. அவள் நடுத்தெருவில் நின்று, இரண்டு கையாலும் தன் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். தபால் பை கவிழ்ந்து கடிதங்கள் சகதியில் விழுந்தன. ஒரு பெண் வந்து பொறுக்கிக் கொடுத்தாள். "என்னாச்சுக்கா?" என்றதற்கு, இவள் பையை நிமிர்த்தித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

என் கால் போனால் அவரை யார் தூக்குவார்கள்? இந்தக் கேள்வியைத் தாண்டி அவளால் யோசிக்க முடியவில்லை.

மழைக்காலம் வந்தது. படிக்கட்டில் எப்போதும் ஈரம். மாதத்துக்கொருமுறை அவரை ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுபோக வேண்டும். அதற்கொரு முறை வைத்திருந்தார்கள். நாத்தனார் மடக்கு நாற்காலியும் ஃபைலுமாக முன்னால் போவாள். அவர் வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இடது பக்கம் முழுவதையும் தபாலம்மா தன் தோளில் வாங்கிக்கொள்வாள். ஒரு படி, ஒரு மூச்சு. மறுபடி ஒரு படி.

இரண்டாம் மாடி வளைவில் அவள் வலது காலை ஊன்றினாள். ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க, அந்தத் திருப்புளி உள்ளே ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் அவள் பிடி விட்டுப்போனது.

அவர் இரண்டு படி சறுக்கிப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். நாத்தனார் போட்ட கூச்சலில் கீழ்மாடிக் கதவுகள் திறந்தன. ஃபைலிலிருந்த காகிதங்கள் ஈரப் படிகளில் ஒட்டிக்கொண்டன. கைப்பிடியை விடாமல் பற்றியிருந்த அவருடைய வலது கை மட்டும் தலைக்கு மேலே நீண்டிருந்தது.

"அண்ணே! அடிபட்டுச்சா? அண்ணி, என்ன அண்ணி ஆச்சு?"

"வழுக்கிடுச்சு" என்றாள் தபாலம்மா.

"வழுக்கல" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "வலது காலு. மூணு மாசமா காது குடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ டாக்டர் சின்ன வயதுப் பெண். முறை வந்ததும் தபாலம்மாவின் கணவர் வலது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழ மறுத்தார்.

"இன்னைக்கு என்னைப் பாக்க வேண்டாம். இவளப் பாருங்க."

"உங்களுக்குத்தானே அப்பாயின்ட்மென்ட்?"

"நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன் டாக்டர். அந்த வசதி எனக்கில்ல."

தபாலம்மாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். பாதங்கள் மேசைக்கு வெளியே நீட்டியிருந்தன. டாக்டர் அவள் கெண்டைச் சதையைப் பிடித்து அமுக்கினார். தபாலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

"பாதம் அசையுது. நல்லா அசையுது. கிழியலக்கா."

"நரம்பு அறுந்துடலையே?"

"இது நரம்பு இல்ல, தசைநார். கெண்டைச் சதையையும் குதிகாலையும் கட்டி வச்சிருக்கிற வாரு. தாங்க முடியாத வேலைய ஒரேயடியாக் குடுத்துட்டீங்க, அது நொந்துபோயிருக்கு. அறுபடல."

"அப்போ அசைக்காம வச்சிருந்தா சரியாயிடுமா?"

"வலி கொறையும். ஆனா வாரு இன்னும் மெலிஞ்சுபோகும். மாடி ஏறுறத நிறுத்துங்க, பளு தூக்குறத நிறுத்துங்க. செருப்புக்குள்ள குதிகாலுக்கு மட்டும் ஒரு மெத்தை வச்சுக்கங்க. ஆனா பயிற்சி பண்ணியாகணும். மொதல்ல தரையில நின்னு குதிகாலத் தூக்கி அப்படியே நிக்கணும். மூணாவது வாரத்துலேர்ந்து படி ஓரத்துல நின்னு, குதிகாலப் படிக்குக் கீழ மெதுவா எறக்கணும்."

"படி ஓரத்துலயா?" தபாலம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்படி நின்னுதானே எனக்கு இது வந்துச்சு?"

"அதேதான். அப்போ கணக்கில்லாம நின்னீங்க, இப்போ அளந்து நிக்கப்போறீங்க. கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு நாலு வரைக்கும் இருக்கலாம். மறுநாள் காலைல அதிகமாச்சுன்னா கொறைச்சுக்கணும். பன்னெண்டு வாரமாவது ஆகும்."

ஊசியைப் பற்றிக் கேட்டாள். இந்த இடத்துக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பயில்வான் சொன்னதில் பாதி சரியாகிவிட்டது. அப்படியானால் அசைக்காதே என்று அவர் சொன்ன மறுபாதியும் சரியாகத்தானே இருக்கும்? பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை தபாலம்மா இதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவரை மேலே ஏற்ற அன்றைக்குக் கீழ்மாடி ஆண்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தாள். நாத்தனார் துணிமணிகளோடு வந்து தங்கிக்கொண்டாள். தபாலம்மா காலைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்தபடி கீரை ஆய்ந்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள்.

"பயிற்சி பண்ணியா?" என்று அவர் கேட்பார்.

"ஆச்சு."

"எப்போ?"

"நீங்க தூங்கும்போது."

பொய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கப் பார்த்தாள். வாரு இழுபட்டதும் டயர் வெடிக்கிற சத்தம் தலைக்குள் கேட்டது. உடனே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

உட்கார்ந்திருந்ததில் வலி குறைந்ததென்னவோ உண்மை. பதினாறாம் நாள் தெம்பாகத் தெருமுனைக் கடை வரை போய் முட்டை வாங்கி வந்தாள். மறுநாள் காலையில் கால் தரையில் படவே மறுத்தது. முன்பைவிட மோசம். கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒரு மாசம் ஷெட்டுல நிறுத்தி வச்ச வண்டிய எடுத்தா, மொதல் மேட்டுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" என்றது பக்கத்துக் கட்டில். "நீ ஒரு நாளும் பண்ணல. எனக்குத் தெரியும். குதிகாலத் தூக்கி எறக்குனா பாதம் தரையில படுற சத்தம் வேற மாதிரி இருக்கும்."

"பயமா இருக்குங்க. அறுந்துபோச்சுன்னா? நான் படுத்துட்டா உங்கள யாரு பாப்பா? உங்க தங்கச்சிக்கும் ஒரு பொழப்பு இருக்குல்ல?"

அவர் வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து அவள் பக்கமாகத் திரும்பினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்த டாக்டர் பொண்ணு என்னை ஒரு நாளைக்கு இருபது தடவை எழுந்து நிக்கச் சொல்லுச்சு, ஞாபகமிருக்கா? கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு?"

"போன வருஷம் பண்ணிக்கிட்டு இருந்தீங்களே."

"குளியலறைல ஒருக்கா விழுந்தேன்ல, அன்னையோட விட்டுட்டேன். நீ கேட்டா ஆச்சும்பேன். மறுபடி விழுந்துடுவேனோன்னு பயம். உன் தோளுதான் இருக்கே, எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்." அவர் அவள் வலது காலைப் பார்த்தார். "என் முழுப் பாரத்தையும் உன் கால்ல போட்டேன். மேட்டுத்தெருவ மட்டும் சொல்லாதே."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு வருஷம்! பத்துத் தடவை, பதினைந்து தடவை என்று இடுப்பொடியத் தூக்கிய நாட்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் தானும் பதினாறு நாளாக அதே 'ஆச்சு'வைச் சொன்னவள்தானே? "நல்ல சோடி" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அன்று காலை நாத்தனார் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழ, அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கினாள். அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றைத் தாண்ட மனசில்லாமல், "பதினொண்ணு... பதினொண்ணு..." என்று அங்கேயே நின்றார்.

"அதையே எத்தன தடவ சொல்லுவீங்க?"

"இது வேற பதினொண்ணு."

வலித்தது. பத்துக்கு நாலா, ஐந்தா என்று அவளால் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தூக்கமில்லாமல் புரண்டாள். மறுநாள் காலையில் கால் வலித்தது, முந்தின நாள் அளவுக்குத்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. கூடவில்லை என்பதே அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

லீவு முடிந்ததும் அலுவலகத்தில் தரம் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்தார்கள். பயில்வானுக்குப் பக்கத்து இடம். தரைப் பயிற்சி இரண்டு வாரம் ஆனதும் அவள் படி ஓரத்தில் நின்று பயிற்சி செய்யப்போகிறாள் என்று கேட்டதும் அவர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார்.

"படி ஓரத்துலயா? வேண்டாம்மா. சொன்னாக் கேளு. அந்தச் சத்தத்த நான் கேட்டவன்."

"டாக்டர் சொல்றாங்கண்ணே."

"எனக்கு ஊசி போட்டவனும் டாக்டர்தான்." அவர் குரலில் கோபமில்லை. அவருக்கும் பயம்தான்.

தபாலம்மா வீட்டு வாசலுக்கு வெளியே முதல் படியின் விளிம்பில் நின்றாள். பாதி பாதம் படியில், பாதி அந்தரத்தில். கைப்பிடியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. குதிகால் ஒரு நூலளவு இறங்கியது. வாசற்படிக்குள்ளே நாற்காலியில் அவர் உட்கார்ந்து எண்ணினார். காலையில் பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை, சாயங்காலமும் அப்படியே. மேலும் கீழும் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாம் மாடிக் குழந்தை ஒன்று தானும் வந்து நின்று குதிகாலை ஆட்டிப் பார்த்தது.

ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம். நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். தபாலம்மா எட்டாவது தடவையாகக் குதிகாலை இறக்கியபோது காலடியில் டப் என்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கீழே பார்க்க முடியவில்லை. கால் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லாதது போலிருந்தது.

"என்ன சத்தம்?" என்றார் அவர் உள்ளேயிருந்து. "ஏய், வலிக்குதா?"

"தெரியல."

"பாதத்த அசைச்சுப் பாரு."

"முடியல... போச்சுங்க. அறுந்துடுச்சு."

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் பிடித்த கதவு அதிர்ந்தது. பிறகு இழுத்து இழுத்து ஒரு காலடிச் சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. வாசற்படியைத் தாண்டி, கைப்பிடியை வலது கையால் பற்றி, இடது காலைத் துணி மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு அவர் படிக்கு மேலே தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒரு படி சறுக்கி அவளருகில் வந்தார். நல்ல கையால் அவள் கெண்டைச் சதையைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் செய்த மாதிரியே அமுக்கினார்.

"அசையுது" என்றார். இன்னொரு தடவை அமுக்கினார். "நல்லா அசையுது. கீழ பாரு."

பார்த்தாள். படியின் விளிம்பிலிருந்த சிமெண்ட் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, அடுத்த படியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. கட்டடத்துக்கு நாற்பது வயது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது.

"நீங்க எப்படி வந்தீங்க?"

அவரும் திரும்பிக் கதவைப் பார்த்தார். நாலு எட்டு தூரம். "தெரியல" என்றார். "இப்போ எப்படித் திரும்பிப் போறதுன்னும் தெரியல."

நாத்தனார் வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரத்துக்குப் பிறகு பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒன்பதாவது வாரம் தோளில் சுமையோடு செய்யச் சொன்னபோது இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். பத்தாவது வாரம் மறுபடி வலி கூடி, மூன்று நாள் குறைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளேயிருந்த பட்டாணி மெல்லக் கரைந்துகொண்டு வந்தது. அவர் தினமும் படியில் பழகினார்; முதலில் ஐந்து படி, பிறகு ஒரு மாடி. இறங்கும்போது நாத்தனார் முன்னால் நிற்பாள். "அண்ணே, என் மேல விழுந்துடாதே, நான் இன்னும் கல்யாணமே பண்ணிக்கல" என்பாள்.

நாலாவது மாதம் தபாலம்மாவுக்குப் பட்டுவாடா திரும்பக் கிடைத்தது. எழுதிக் கேட்டு, மேடில்லாத ஆற்றோரத் தெருக்களை வாங்கிக்கொண்டாள். முதல் நாள் புறப்படும்போது பயில்வான் வாசல் வரை சாய்ந்து சாய்ந்து வந்தார். அவள் தெருத் திரும்பும்வரை நின்றிருந்தார்.

வெயில் நாள். இருபது வீடு, முப்பது வீடு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு எட்டும் கேள்வியாக இருந்தது. மூன்று மணிக்கு முடித்து வீட்டுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மூன்று மாடி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

நாற்காலி காலியாக இருந்தது. கட்டில் காலி. குளியலறைக் கதவைத் தள்ளினாள், காலி. நாத்தனார் தையல் கடையில் இருக்கிற நேரம். ஜன்னல் திறந்திருந்தது. அவள் ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்தாள், பார்க்கக்கூடாத ஏதோ ஒன்றைப் பார்க்கப்போகிறவள் போல. தெருவில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

படிகளில் இறங்கியது அவளுக்கு நினைவில்லை. இரண்டாம் மாடியில் கதவைத் தட்டினாள், ஆளில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் சுருண்டு கிடக்கிற காட்சி முன்னால் வந்து நின்றது. தெருவுக்கு வந்து இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கமாக ஓடினாள். முட்டைக் கடையைத் தாண்டினாள். சலூனைத் தாண்டிப் போனவள் கண்ணாடியில் எதையோ கண்டு திரும்பி வந்தாள்.

அவர் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை வெள்ளைத் துணி. முகத்தில் பாதிக்கு நுரை. சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"வாங்கக்கா. அண்ணன் தானா எறங்கி வந்துட்டாரு. முக்கால் மணி நேரம் ஆச்சாம். வேர்த்து விறுவிறுத்து வந்து, 'தண்ணி குடு, அப்புறம் சவரம் பண்ணு'ன்னாரு."

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சொல்லிட்டுப் போகக்கூடாதா?" என்றாள். "ஒரு சீட்டு எழுதி வைக்கக்கூடாதா? நான் ஜன்னல் வழியா..." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

அவள் குனிந்தாள். வெறுங்கால். இரண்டு பாதத்திலும் புழுதி. அப்போதுதான் அவளுக்குத் தான் ஓடி வந்தது தெரிந்தது. மெதுவாகக் கையைக் கொண்டுபோய்க் குதிகாலுக்கு மேலே வைத்தாள். கதகதப்பாக இருந்தது. லேசாகத் துடித்தது. நாளைக் காலையில் எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும். கெண்டைச் சதையை அமுக்கினாள். பாதம் அசைந்தது.

"நீ போய் டீ போடு" என்றார் அவர், நுரை படாத பக்கத்து வாயால். "மீதிப் பாதியையும் எடுத்துட்டு நானே ஏறி வரேன்."

"நான் எங்கயும் போகல" என்றாள் தபாலம்மா. சலூன்காரரைப் பார்த்து, "நீங்க மெதுவாவே பண்ணுங்க" என்றாள். "எங்களுக்கு ஏற இன்னும் மூணு மாடி இருக்கு."